விமானப் புகையை ஒரு நாட்டின் புகையோடு ஒப்பிடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தாயார் ஒருவர் கேட்கிறார்: "படிவம் நான்கில் படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்குப் பதாகை தயாரிக்கிறாள். விமானங்களின் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) ஜப்பான் அளவுக்கு இருக்கிறது என்று ஓரிடத்திலும், உலகின் மொத்தக் கரிவளியில் இரண்டரை விழுக்காடுதான் என்று வேறோரிடத்திலும் படித்தோம். எதை எழுதுவது? நாங்கள் சென்னை போய்வருவதன் பங்கு எவ்வளவு?"

இரண்டும் ஏறத்தாழச் சரியே. 2019இல் விமானங்கள் ஏறத்தாழ 100 கோடி டன் கரிவளியை வெளியிட்டன. அதே ஆண்டு ஜப்பானின் அளவு சுமார் 110 கோடி டன், ஜெர்மனியின் அளவு சுமார் 70 கோடி டன், மலேசியாவின் அளவு சுமார் 25 கோடி டன். இவை எரிபொருளிலிருந்து வந்த கரிவளி மட்டுமே என்பதை மகள் பதாகையில் ஆண்டோடு சேர்த்துக் குறிப்பிட வேண்டும். மலேசியாவின் மொத்தப் பசுமை இல்ல வாயுக் கணக்கை எடுத்தால், உங்கள் பக்கத்துச் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் குமிழியிட்டு எழும் மீத்தேனும் அதில் வந்துவிடும். அதை விமானங்களின் கரிவளியோடு மட்டும் ஒப்பிடுவது முறையன்று.

இன்னொன்றும் உண்டு. மலேசியாவுக்குள்ளேயே கூச்சிங்குக்குப் பறக்கும் விமானத்தின் புகை மலேசியாவின் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக்குப் பறக்கும் விமானத்தின் புகையோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல், தனிக் குறிப்பாகவே ஐ.நா.வுக்குத் தெரிவிக்கப்படுகிறது. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை அதைக் குறைக்கும் பொறுப்பை ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியே வளர்ந்த நாடுகள் நிறைவேற்ற வேண்டுமென விட்டுவிட்டது. எந்த நாடும் தன்னுடையது என்று ஏற்காத இந்தப் புகையைக் கண்முன் நிறுத்துவதற்காகவே நாட்டு ஒப்பீடு தேவைப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உள்நாட்டுப் பறப்புகள் இரு பக்கமும் எண்ணப்படுவதால், "ஜப்பானுக்குச் சமம்" என்று எழுதாமல், "ஜப்பானுக்குச் சற்றுக் கீழே, ஜெர்மனிக்கு மேலே" என்று எழுதச் சொல்லுங்கள். விமானங்கள் வானில் விட்டுச்செல்லும் வெண்கோடுகளும் வெப்பத்தைத் தேக்குகின்றன. அது இந்த எண்களில் இல்லை.

சென்னைக் கணக்கை அவளே போடலாம். கோலாலம்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். சுமார் 180 இருக்கைகள் கொண்ட விமானம் இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 10 டன் எரிபொருளை எரிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரிவளி உண்டாகும். காற்றிலுள்ள உயிர்வளி சேர்வதால்தான் எடை கூடுகிறது. ஆக மொத்தம் 31 டன்னுக்கு மேல். 150 பேர் பயணம் செய்தால் தலைக்குச் சுமார் 210 கிலோ, போய்வர 420 கிலோ.