லார்டு பட்டம், குடும்பச் சின்னம், பழைய பர்க் நூல்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: கணவரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வாங்கினால் பெயருக்கு முன்னால் ‘லேர்டு’ அல்லது ‘லார்டு’ போட்டுக்கொள்ளலாமாம். வங்கி அட்டையில்கூட மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (ஹாரோ, லண்டன்)

பதில்: சிரிப்பதற்கு ஒரு பரிசு வேண்டும் என்றால் வாங்குங்கள். பட்டம் வேண்டும் என்றால் வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நிலம் உங்களுடையது. பயன்பாட்டுக்கு உதவாத, மிகச் சிறிய ‘நினைவு மனை’களைப் பதிவு செய்ய 2012ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம் இடம் தரவில்லை. எனவே உங்கள் கைக்கு வருவது பத்திரம் அல்ல, அந்த நிறுவனத்துடனான ஓர் ஒப்பந்தம் மட்டுமே. ‘லேர்டு’ என்பது பிரபுப் பட்டமும் அல்ல. ஊரறிந்த எஸ்டேட் வைத்திருப்பவரை அக்கம்பக்கத்தார் அழைக்கும் சொல். ஒரு சதுர அடிக்கு அது பொருந்தாது. வங்கி அட்டையில் எதை அச்சிட்டுக் கொடுத்தாலும் அது பட்டத்துக்குச் சான்றாகாது.

உண்மையான பிரபுப் பட்டத்தை அரச பீடம் மட்டுமே தரும். அதை விற்பதும் விற்கத் தரகு பேசுவதும் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் மாண்டி கிரகரி என்ற தரகர் 1933இல் சிறைக்குப் போனார். யாராவது ‘பாரன்’, ‘ஏர்ல்’ பட்டத்துக்கு விலை சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஒருவர் உண்மையிலேயே பியர் (பிரபுப் பட்டம் பெற்றவர்) தானா என்று பார்க்க 2004 முதல் அதிகாரபூர்வப் பெயரேடு இருக்கிறது. பிரபுக்களுக்கு அடுத்த நிலையில் பரம்பரைப் பட்டம் வகிக்கும் பாரனெட்டுகளுக்கு 1910 முதல் தனிப் பெயரேடு உண்டு.

இன்னொன்று: பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். ஆனால் உங்கள் கணவர் பெயரை அச்சிட்ட சான்றிதழுக்கு அந்த உரிமை பொதுவாகக் கிடையாது. பெயரைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் ‘லார்டுஷிப் ஆஃப் தி மேனர்’ ஏலத்துக்கு வந்திருக்கிறது. விலை சில ஆயிரம் பவுண்டு. இதுவும் ஏமாற்றுதானா? (சிங்கப்பூர்)

பதில்: இல்லை, மேனர் என்ற பழங்கால எஸ்டேட்டின் தலைவர் என்ற உரிமை இது; சட்டம் ஏற்கும் சொத்து. ஆனால் பெரும்பாலும் வெறும் உரிமைப் பெயர்தான். நிலம் வராது, வீடு வராது. உங்கள் பெயருக்கு முன்னால் ‘லார்டு’ வராது. இன்ன மேனரின் லார்டு என்று பெயருக்குப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.

சிக்கல் உரிமைத் தொடரில் இருக்கிறது. 2003 அக்டோபர் 13க்குப் பிறகு இந்த உரிமைகளை நிலப் பதிவகத்தில் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன்பே பதிவானதா என்று முதலில் கேளுங்கள். பதிவாகவில்லை என்றால், கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் வழக்கறிஞர் படித்துத் தொடரை உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதே உரிமையை வேறொருவரும் பத்திரத்தோடு வந்து கோரலாம். ஏல நிறுவனம் பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம், உங்கள் தரப்புக்குத் தனியாக ஒருவரை வையுங்கள். கனிம உரிமை, சந்தை உரிமை எல்லாம் சேர்ந்து வரும் என்று விளம்பரம் சொன்னால், அவை நிலப் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2013 அக்டோபரோடு அவற்றுக்கிருந்த தானியங்கிப் பாதுகாப்பு முடிந்துபோயிற்று.

பழைய மேனர் நீதிமன்றச் சுருள்களும் சேர்ந்தே கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ‘மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ்’ என்ற மூத்த நீதிபதியின் அனுமதி இல்லாமல் அவற்றை இங்கிலாந்து, வேல்ஸ் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

கேள்வி: பிரிட்டிஷ் நிலவுடைமைக் குடும்பங்கள் பற்றி ஆய்வு செய்கிறேன். பர்க், டெப்ரெட் என்ற இரண்டு பிரபு வம்ச நூல்களில் எதை வாங்குவது, எந்தப் பதிப்பு? பழைய புத்தகக் கடைகளில் ஒரே பெயரில் பத்து வகை கிடைக்கிறது. (மதுரை)

பதில்: வேலையைப் பொறுத்தது. டெப்ரெட் உயிரோடு இருப்பவர்களுக்கான நூல்: இன்று பட்டம் வகிப்பவர் யார், அடுத்த வாரிசு யார், பங்காளிகள் யார் என்று சொல்லும். பர்க் மூதாதையரிலிருந்து தொடங்கி வம்சத்தை இறக்கிக்கொண்டு வரும். உங்களுக்கு வேண்டியது பர்க்.

பர்க்கில் இரண்டு தொடர்கள் இருப்பதால்தான் குழப்பம். ‘பியரேஜ்’ தொடர் 1826இல் தொடங்கியது. அதில் பிரபுக்களும் பாரனெட்டுகளும் வருவார்கள். பட்டமில்லாத நிலக்கிழார் குடும்பங்களுக்கு ‘லேண்டட் ஜென்ட்ரி’ என்ற தனித் தொடர். அதன் முதல் வடிவம் 1833 முதல் 1838 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. நீங்கள் தேடும் குடும்பத்துக்குப் பட்டம் இல்லையென்றால் பியரேஜ் வாங்கி எந்தப் பயனும் இல்லை. அயர்லாந்துக் குடும்பம் என்றால் 1899, 1904, 1912, 1958 ஆகிய ஆண்டுகளில் வந்த அயர்லாந்துப் பதிப்புகளைப் பாருங்கள்.

புதிய பதிப்புதான் நல்லது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. பட்டம் அற்றுப்போனால் அந்தக் குடும்பம் அடுத்த பதிப்பிலிருந்து போய்விடும். எஸ்டேட்டை விற்ற நிலக்கிழார்கள் பலரும் அப்படியே காணாமல் போனார்கள். ஆகவே பட்டம் அற்றுப்போன அல்லது நிலம் விற்ற ஆண்டைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முந்தைய பதிப்பைத் தேடுங்கள். இந்த வேலையைச் சுருக்கவே 1976இல் ‘பர்க்ஸ் ஃபேமிலி இண்டெக்ஸ்’ என்ற ஒற்றை நூல் வந்தது. எந்தக் குடும்பத்தின் விவரம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் இதை வாங்கச் சொல்வோம்.

முதல் உலகப் போருக்கு முந்தைய பதிப்புகள் காப்புரிமை முடிந்தவை. இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவற்றையே நகலெடுத்து, கேட்டபோது அச்சிட்டு விற்கும் மறுபதிப்புகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும், பக்கங்கள் விட்டுப்போயிருக்கும், இரண்டு தொகுதியில் ஒன்றை மட்டும் முழு நூல் என்று விற்பார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது இருபதாம் நூற்றாண்டுப் பிற்பகுதிப் பதிப்புகள்: லேண்டட் ஜென்ட்ரியின் 18ஆம் பதிப்பு (1965 முதல் 1972 வரை, மூன்று தொகுதி), பியரேஜின் 1970ஆம் ஆண்டுப் பதிப்பு, 2003இல் மூன்று தொகுதியாக வந்த 107ஆம் பதிப்பு. வாங்கும் முன் தொகுதி எண்ணிக்கையையும், முதுகுப் பகுதி கழன்றிருக்கிறதா என்பதையும் படம் கேட்டுப் பாருங்கள். கனத்த புத்தகங்கள் என்பதால் தையல்தான் முதலில் விடும். வெளிநாட்டுத் தபால் செலவு சில நேரம் நூல் விலையைத் தாண்டும்.

படிக்கும் முறைக்கு வருவோம். பியரேஜில் பிரபுக்களைக் குடும்பப் பெயரில் தேடினால் கிடைக்காது, பட்டப் பெயரில்தான் வரிசை. ராபர்ட் கிளைவின் வழியைக் ‘கிளைவ்’ என்று தேடிப் பயனில்லை. அவர் மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னராக இருந்தவர், 1804இல் ஏர்ல் ஆஃப் போவிஸ் ஆனார். பேரன் 1807இல் ஹெர்பெர்ட் என்று குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார். எனவே போவிஸ் என்ற தலைப்பில் பார்க்க வேண்டும். தாய்வழிச் சொத்து வரும்போது இப்படிப் பெயர் மாற்றுவது அங்கே சாதாரணம். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் தடம் அறுந்துவிடும்.

மகன்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் மகள்களைச் சொல்வார்கள். அதைப் பிறந்த வரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘டி.எஸ்.பி.’ என்று இருந்தால் காவல்துறை அதிகாரி இல்லை, சந்ததியின்றி இறந்தவர். ‘டி.வி.பி.’ என்றால் தந்தை உயிரோடு இருக்கும்போதே இறந்தவர்; பட்டம் ஏன் பேரனுக்குத் தாவியது என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பர்க்கை அப்படியே நம்பவும் வேண்டாம். விவரங்களைத் தந்தவர்கள் அந்தந்தக் குடும்பத்தாரே. நார்மானியப் படையோடு 1066இல் வந்த மூதாதை என்ற வகைக் கதைகளை ஹொரேஸ் ரவுண்ட் போன்ற ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பிரபுக்களைப் பொறுத்தவரை சான்றுகளோடு எழுதப்பட்டது கோகெயின் தொடங்கிய ‘கம்ப்ளீட் பியரேஜ்’. அதில் இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். 1910இல் தொடங்கி 1959 வரை வந்தது. ஆனால் அது பட்டம் வகித்தவர்களை மட்டும்தான் பேசும். தம்பி தங்கைகளுக்கு மறுபடி பர்க்கிடம்தான் வர வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். எங்கள் குடும்பப் பெயருக்குரிய சின்னத்தையும் வரலாற்றையும் ஃபிரேம் போட்டு அனுப்புவதாக ஒரு விளம்பரம். எங்கள் மூதாதை ஒரு பிரபுக் குடும்பத்தவர் என்று வீட்டில் பேச்சு உண்டு. (பெரம்பூர், சென்னை)

பதில்: குடும்பப் பெயருக்கு என்று சின்னம் கிடையாது. இங்கிலாந்தில் அது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய சட்டபூர்வமான ஆண்வழிச் சந்ததிக்குப் போவது. அதே பெயர் கொண்ட ஆயிரம் குடும்பங்களில் ஒன்றுக்குச் சின்னம் இருக்கலாம், மற்றவற்றுக்கு இருக்காது. விளம்பரக்காரர் யாரோ ஒருவருடைய சின்னத்தை உங்களுக்கு விற்கிறார். இங்கிலாந்தில் இதைக் கேட்க 1484இல் நிறுவப்பட்ட ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் ஏடுகளில் தேடிச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் லார்டு லயன் நீதிமன்றம்; அடுத்தவர் சின்னத்தைப் பயன்படுத்துவது அங்கே வழக்கு வரை போகும்.

அந்த ஃபிரேமுக்குக் கொடுக்கும் பணத்தை ஆவணத்துக்குச் செலவிடுங்கள். உங்கள் வழி சென்னையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும், பிரபுவிடமிருந்து முன்னோக்கி அல்ல. மேலிருந்து இறங்கினால் எந்தப் பிரபுவோடும் ஒட்டவைத்துவிடலாம்.

சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. முதலில் ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். பிறகே சந்தா கட்டும் தளத்துக்குப் போங்கள். அதிலும் ஆண்டுச் சந்தாவுக்குப் பதில் ஒரு மாதச் சந்தா, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிட்டு. நகல் என்பதால் எழுத்துப் பிழைகள் உண்டு. பெயரை நான்கைந்து விதமாக எழுதித் தேட வேண்டும். கல்லறைகளுக்கு 1905இல் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல் இருக்கிறது.

தாயின் பெயர் பல பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் இருக்காது. அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். தந்தையின் உயிலைத் தேடுங்கள். ‘இயற்கைப் பிள்ளைகள்’ (மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்கள்) என்று குறித்துப் பணமும் வீடும் எழுதிவைத்த அதிகாரிகள் பலர். தாயின் பெயரும் சில நேரம் அங்கே கிடைக்கும்.

பிரிட்டனுக்குப் பாலம் கட்டுவது மூதாதை கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தபோது கொடுத்த தாள்கள். ராணுவ கேடட்டுகளுக்கு ‘எல்/எம்ஐஎல்/9’ வரிசை, சிவில் எழுத்தர்களுக்கு ‘ஜே/1’ வரிசை. வயதை நிரூபிக்க ஊர்ப் பாதிரியாரிடம் வாங்கிய ஞானஸ்நானச் சான்று அதில் இணைந்திருக்கும். அதில் உள்ள பாரிஷின் (தேவாலயப் பங்கின்) பெயர் கிடைத்துவிட்டால் அந்தக் கவுன்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஓராண்டு பிசகும். அதைக் கவனிக்காமல் போனால், பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது போலத் தோன்றும்.

இவ்வளவும் செய்து பிரபுக் குடும்பத்தோடு தொடர்பு உறுதியானாலும், மணவாழ்வுக்கு வெளியே பிறந்த வழியாக இருந்தால் இரத்த உறவு உண்டு, பட்டமும் சின்னமும் வராது.

ஆராய்ச்சியாளரை அமர்த்தினால் அக்ரா என்ற பிரிட்டிஷ் வம்சாவளி ஆய்வாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தேடுங்கள். ‘என் வம்சத்தைக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லாதீர்கள், மணிக் கணக்கு ஓடும். ‘இன்னார் 1820ஆம் ஆண்டுவாக்கில் சென்னையில்; தந்தை யார்?’ என்று ஒரே கேள்வி, அதிகபட்ச மணிநேரம், தேடியும் கிடைக்காத ஏடுகளின் பட்டியல் உட்பட அறிக்கை: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் பிரபு வம்சம் தெரியுமா? (டொராண்டோ)

பதில்: தெரியாது. உங்களோடு ஒத்துப்போகும் உறவினர்களைக் காட்டும்; அவர்களுடைய மரம் காகித ஆதாரத்தோடு இருந்தால்தான் பயன். நான்காம் தலைமுறைப் பங்காளிகளில் கணிசமானோரோடு கண்டறியும் அளவு டிஎன்ஏ பகிர்வே இருக்காது. நேர் ஆண்வழியைச் சோதிக்க ஒய்-டிஎன்ஏ உதவும். 2016இல் பிரிங்கிள் ஆஃப் ஸ்டிச்சில் பாரனெட் பட்டம் யாருக்கு என்ற வழக்கில் பிரிவி கவுன்சில் என்ற உயர் முறையீட்டு மன்றம் டிஎன்ஏ சான்றை ஏற்றுக்கொண்டது. பட்டம் வேறு கிளைக்குப் போனது. பெரிய குடும்பக் கூட்டத்துக்கு முன் இந்தச் சோதனைப் பெட்டியைப் பிரிப்பதில், இப்படி எதிர்பாராத உண்மை வெளிவரும் அபாயமும் உண்டு.

கேள்வி: ஒரு பழைய திருமணச் சான்றிதழுக்கு ஒரு தளம் 40 பவுண்டு கேட்கிறது. நியாயமா? (கொழும்பு)

பதில்: இல்லை. அவர்களும் அரசுப் பதிவகத்தில்தான் வாங்கித் தருகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சிவில் பதிவுகள் 1837 ஜூலை 1இல் தொடங்குகின்றன. பொதுப் பதிவகத்தில் நேரடியாகக் கேட்டால், 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி சான்றிதழ் 12.50 பவுண்டு. விண்ணப்பத்தில் காலாண்டு, தொகுதி எண், பக்க எண் கொடுங்கள். ஃப்ரீபிஎம்டி தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும். ஸ்காட்லாந்துப் பதிவுகள் 1855 முதல். ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் ஒரு படம் பார்க்க 1.50 பவுண்டு. அயர்லாந்தில் 75 ஆண்டுக்கு முந்தைய திருமணப் பதிவுகளின் படங்களை அந்நாட்டு அரசின் வம்சாவளித் தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சான்றிதழில் தந்தையின் தொழில் ‘ஜென்டில்மேன்’ என்று இருந்தால் உடனே எஸ்டேட் தேடக் கிளம்பாதீர்கள். ஓய்வுபெற்ற கடைக்காரர்களும் அப்படி எழுதிக்கொண்டார்கள். 1873ஆம் ஆண்டின் நில உரிமையாளர் பட்டியலில் அந்தக் கவுன்டியில் அவர் பெயர் எத்தனை ஏக்கரோடு இருக்கிறது என்று பாருங்கள்.