கத்திக்கு வழிவிடும் மந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டை விளையாடி வருகிறேன். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே பின்பற்றுகிறோம். என்னுடைய ரோக் (திருடன் வகுப்புப் பாத்திரம்) 3ஆம் நிலையை எட்டிவிட்டாள். மந்திரமும் கற்கும் ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் என்னும் உட்பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவளுக்கு எந்த மந்திரங்களை எடுக்கலாம்?
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

பதில்: ரோக் கற்கும் மந்திரம் அவளுடைய கத்திக்கு வழி திறந்துவிட வேண்டுமே தவிர, கத்தியின் வேலையைத் தானே செய்ய முயலக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விதிகளின் கணக்கும் அதையே சொல்கிறது. 3ஆம் நிலையில் உங்களுக்குக் கிடைப்பவை மேஜ் ஹேண்ட் (மந்திரக் கை) உட்பட மூன்று கேன்ட்ரிப்புகள் (எத்தனை முறையும் ஏவக்கூடிய சிறு மந்திரங்கள்), முதல் படி மந்திரங்கள் மூன்று, அவற்றை ஏவ இரண்டே ஸ்பெல் ஸ்லாட்டுகள் (ஏவும் வாய்ப்புகள்). மூன்றாம் படி மந்திரங்களை மந்திரவாதி வகுப்பான விசார்ட் 5ஆம் நிலையிலேயே பெற்றுவிடுகிறார். ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் அவற்றுக்காக 13ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும். செலவழித்த ஸ்லாட்டோ நெடு ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பும். தண்ணீர் லாரி வந்துபோன தெருவில், பிடித்துவைத்த இரண்டு குடத்தை மறுநாள் வரை வைத்துச் சமாளிக்கும் குடும்பத்தின் சிக்கனம் உங்களுக்கு வேண்டும்.

அடுத்ததாக, எதிரி உங்கள் மந்திரத்திலிருந்து தப்ப எவ்வளவு உருட்ட வேண்டும் என்று பாருங்கள். உங்கள் ரோக்கின் இன்டெலிஜென்ஸ் (அறிவு) 14 என்று வைத்துக்கொண்டால், அடிப்படை எண் 8, புரொஃபிஷியன்சி (தேர்ச்சி) 2, இன்டெலிஜென்ஸ் தரும் 2 ஆகியவை சேர்ந்து எதிரி எட்ட வேண்டிய எண் 12 ஆகிறது. விஸ்டம் (மனத்தெளிவு) உருட்டலில் ஒரு புள்ளி கூடுதலாகச் சேரும் எதிரி, இருபது முகப் பகடையில் 11 உருட்டினாலே தப்பிவிடுவான். அதாவது உங்கள் ஸ்லாட்டுகளில் பாதி வீணாகும். ஆகவே தொடக்க நிலைகளில், எதிரிக்குத் தப்பும் பகடையே தராத மந்திரங்களைத் தேடி எடுங்கள்.

உங்கள் மூன்று மந்திரங்களில் இரண்டு என்சான்ட்மென்ட் (மனத்தை மயக்குவது) அல்லது இல்யூஷன் (மாயத்தோற்றம்) பிரிவைச் சேர்ந்தவையாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாக ஸ்லீப் மந்திரத்தை எடுங்கள். அது எட்டு முகப் பகடை ஐந்தை உருட்டி, வரும் கூட்டுத்தொகை அளவுக்கு உயிர்ப்புள்ளிகள் உள்ளவர்களை, குறைந்த புள்ளிகள் கொண்டவரில் தொடங்கி வரிசையாகத் தூங்கவைக்கிறது. தப்பும் பகடை கிடையாது. நிலை உயர உயர இதன் பயன் தேய்ந்துவிடும் என்றாலும், ஒவ்வொரு நிலை உயர்விலும் தெரிந்த மந்திரம் ஒன்றை மாற்றிக்கொள்ள விதி இடம் தருவதால் கவலை வேண்டாம். மற்றொன்றாக டிஸ்கைஸ் செல்ஃப் இருக்கட்டும். ஒரு மணி நேரம் வேறொருவராகத் தோன்றும் வசதி, சண்டையே இல்லாமல் கோட்டைக்குள் நுழைய உதவும்.

எந்தப் பிரிவிலிருந்தும் எடுக்கக்கூடிய மூன்றாவது இடத்தில் ஃபைண்ட் ஃபெமிலியரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆந்தை வடிவில் வரும் துணை உயிரி தன் முறையில் பறந்து வந்து, எதிரியின் அருகே உங்களுக்கு உதவி செய்துவிட்டு, எதிரியின் பதிலடிக்கு ஆளாகாமல் விலகிவிடும். அந்த உதவியால் உங்கள் தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கிறது; அட்வான்டேஜ் இருந்து அடி பட்டால் ஸ்னீக் அட்டாக்கும் (ரோக்கின் கூடுதல் சேதப் பகடைகள்) உறுதி. இதை ஏவ ஒரு மணி நேரமும், பித்தளைத் தூபக்காலில் எரிக்க 10 பொற்காசு மதிப்புள்ள கரியும் நறுமணத் தூபமும் மூலிகையும் தேவைப்படும். 2014 விதிகளில் ஆர்க்கேன் டிரிக்ஸ்டருக்கு ரிச்சுவல் முறையில் (ஸ்லாட் இன்றிச் சடங்காக) ஏவும் உரிமை இல்லாததால் ஒரு ஸ்லாட் செலவாகும். எனவே அன்றைய நாளின் ஸ்லாட் ஒன்று மிஞ்சியிருக்கும் இரவில், நெடு ஓய்வுக்குச் சற்று முன்பு இதை ஏவுங்கள். விடிந்ததும் ஸ்லாட்டும் திரும்பியிருக்கும், ஆந்தையும் தோளில் இருக்கும்.

9ஆம் நிலையில் மேஜிக்கல் ஆம்புஷ் கிடைத்த பிறகு நிலைமை மாறுகிறது. மறைந்திருந்து ஏவும் மந்திரத்துக்கு எதிரி டிஸ்அட்வான்டேஜுடன் (இருமுறை உருட்டித் தாழ்ந்ததை எடுத்து) உருட்ட வேண்டும் என்பதால், எதிரியை அசைவற்று நிற்கவைக்கும் ஹோல்ட் பெர்சன் போன்றவை அப்போது நம்பத்தக்கவை ஆகின்றன. அசைவற்று நிற்கும் எதிரியை ஐந்தடிக்குள் நின்று தாக்கும் அடி பட்டால் அது கிரிட்டிக்கல் (சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் அடி) ஆகும். அந்த நிலையில் ஸ்னீக் அட்டாக்கின் ஐந்து பகடைகள் பத்தாகும். ஆனால் மந்திரம் ஏவவே உங்கள் ஆக்‌ஷன் செலவாகிவிடும், எதிரியும் தன் முறையின் முடிவில் மீண்டும் உருட்டித் தப்ப முயல்வான். அதனால் உங்களுக்குப் பின்னும் எதிரிக்கு முன்னும் முறை வரும் தோழர் ஒருவர் இருக்கும்போது ஏவுவதே சிறந்தது.

கேள்வி: தொலைவிலிருந்து ஃபயர் போல்ட் என்னும் தீ மந்திரத்தை எறியும்போது ஸ்னீக் அட்டாக் பகடைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் குழுவின் ரோக். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?
– வங்கி ஊழியர், பெரம்பூர்

பதில்: டன்ஜன் மாஸ்டர் சொல்வதே சரி. ஸ்னீக் அட்டாக்குக்குக் குறுங்கத்தி போன்ற ஃபினெஸ் (லாவக) ஆயுதமோ தொலைதூர ஆயுதமோ கையில் இருக்க வேண்டும். ஃபயர் போல்ட் மந்திரத் தாக்குதலே தவிர ஆயுதம் அன்று. 5ஆம் நிலையில் ஃபயர் போல்ட்டின் சராசரிச் சேதம் 11. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 உள்ள அதே ரோக் குறுவில்லால் ஸ்னீக் அட்டாக்குடன் அடித்தால் சராசரி 18 வருவதோடு, அடி படும் வாய்ப்பும் கூடுதலாக இருக்கும்.

உங்கள் நண்பருக்குக் கேன்ட்ரிப்பும் கத்தியும் ஒன்றுசேர வேண்டும் என்றால் பூமிங் பிளேட் இருக்கிறது. அதில் கைகலப்பு ஆயுதத்தாலேயே அடிப்பதால் ஸ்னீக் அட்டாக் முழுமையாகச் சேரும். 5ஆம் நிலையில் அடி பட்டவுடன் எட்டு முகப் பகடை ஒன்றின் இடிச் சேதம் கூடும். அடுத்த உங்கள் முறைக்குள் எதிரி தானாக நகர்ந்தால் மேலும் இரண்டு பகடைகள். ரோக்கோ தன் வகுப்புத் திறனான கன்னிங் ஆக்‌ஷனால், போனஸ் ஆக்‌ஷனிலேயே பதிலடி இல்லாமல் விலகிவிடலாம். துரத்தி வந்தால் இடி, நின்றுவிட்டால் அவன் கத்திக்கு எட்டாத தூரம் என்று எதிரியைத் திண்டாட வைக்கும் இந்த இணைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகன் இந்த விளையாட்டில் திருடன் பாத்திரம் ஏற்று மந்திரம் சொல்கிறான். திருடனுக்கும் மந்திரத்துக்கும் என்ன தொடர்பு? இது நம் மரபில் இல்லாத கற்பனையாகத் தோன்றுகிறதே!
– இல்லத்தரசி, திருவல்லிக்கேணி

பதில்: அம்மா, நம் மரபில் இதற்கு மிகப் பழைய இடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்கும்போது, பொற்கொல்லன் கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டினை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரத்தை நாவில் உருவேற்றினால் கள்வர் கண்ணுக்கே புலப்படமாட்டார்கள் என்றும் விளக்குகிறான். உங்கள் மகனின் பாத்திரம் 7ஆம் நிலையில் கற்கக்கூடிய இன்விசிபிலிட்டி மந்திரம் செய்வதும் அதேதான். அந்தக் காட்சியை அவனுக்குச் சொல்லுங்கள். பாத்திரத்தை வளர்க்க அந்த எட்டுமே அவனுக்குப் பயன்படும்.

விளையாட்டின் வரலாற்றிலும் இத்தொடர்பு புதியதன்று. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் திருடன் வகுப்பு அடுத்த ஆண்டு வந்த துணை நூலில் சேர்க்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு விதிநூலில், 10ஆம் நிலையை எட்டிய திருடன் மந்திரச் சுருள்களைப் படித்துப் பயன்படுத்தலாம். தவறாகப் புரிந்துகொள்ள 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

கேள்வி: நாங்கள் 2024ஆம் ஆண்டின் புதிய விதிகளுக்கு மாறிவிட்டோம். ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் மேம்பட்டிருக்கிறாரா?
– பொறியாளர், அம்பத்தூர்

பதில்: நிச்சயமாக. பிரிவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, விசார்ட் பட்டியல் முழுவதும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஷீல்ட் போன்ற தற்காப்பு மந்திரத்தை 3ஆம் நிலையிலேயே எடுக்கலாம். ரிச்சுவல் குறியுள்ள மந்திரத்தைத் தயாராக வைத்திருப்பவர் எவரும் ஸ்லாட் இன்றி ஏவலாம் என்பதால் ஃபைண்ட் ஃபெமிலியருக்கு இனி ஸ்லாட் தேவையில்லை. ட்ரூ ஸ்டிரைக் முற்றிலும் மாறி, ஆயுதத்தால் அடிக்கும் கேன்ட்ரிப் ஆகிவிட்டது. வில்லுடன் பயன்படுத்தினாலும் ஸ்னீக் அட்டாக் சேரும். ஒரே இழப்பு ஸ்லீப். அது இப்போது விஸ்டம் உருட்டலுக்கு உட்பட்டுவிட்டதால், முதல் வாசகிக்குச் சொன்ன பரிந்துரையை நீங்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: எனக்கு ரோக்கின் தீஃப் உட்பிரிவுதான் பிடிக்கும். அதை விடாமல் கொஞ்சம் மந்திரம் சேர்க்க வழி உண்டா? என் அண்ணன் குழுவில் பாத்ஃபைண்டர் என்னும் இதே வகை வேறு விளையாட்டை விளையாடுகிறார்கள், அங்கே எப்படி?
– பிளஸ் டூ மாணவர், மயிலாப்பூர்

பதில்: எளிய வழி மேஜிக் இனிஷியேட் ஃபீட் (நிலை உயரும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்). இரண்டு கேன்ட்ரிப்புகளும், நெடு ஓய்வுக்கு ஒருமுறை ஏவத்தக்க முதல் படி மந்திரம் ஒன்றும் கிடைக்கும். அந்த ஒன்று ஃபைண்ட் ஃபெமிலியராக இருந்தால், கூடுதலாக ஏதும் வேண்டியிராது. 2014 விதிகளில் பிற வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஒரு ஃபீட் வாய்ப்பு ரோக்குக்கு 10ஆம் நிலையில் வருகிறது என்பதால் இந்தச் செலவு உறுத்தாது. விசார்ட் வகுப்பில் ஒரு நிலை எடுப்பதும் நல்ல வழியே. டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ் இரண்டும் 13க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஸ்னீக் அட்டாக்கின் வளர்ச்சி ஒரு நிலை தள்ளிப்போகும். பொறுமை இருந்தால், தீஃப் 13ஆம் நிலையில் பெறும் யூஸ் மேஜிக் டிவைஸ், விசார்டுகளுக்கே உரிய மந்திரக்கோல்களையும் உங்கள் கைக்குக் கொண்டுவரும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் எல்ட்ரிச் டிரிக்ஸ்டர் என்னும் ரேக்கெட் (ரோக்கின் உட்பிரிவு), 1ஆம் நிலையிலேயே மந்திர வகுப்பு ஒன்றின் டெடிகேஷன் என்னும் தொடக்க ஃபீட்டைத் தருகிறது. அங்கே மேஜிக்கல் டிரிக்ஸ்டர் ஃபீட் எடுத்தால், தாக்குதல் உருட்டல் உள்ள மந்திரங்களின் சேதத்தோடும் ஸ்னீக் அட்டாக் சேரும். பெரம்பூர் வாசகரின் நண்பர் விரும்பியது அந்த விளையாட்டில் சட்டப்படி நடக்கும். ஆனால் பெரும்பாலான மந்திரங்கள் ஒரு முறைக்குரிய மூன்று ஆக்‌ஷன்களில் இரண்டை எடுத்துக்கொள்ளும். நகர்வதற்கும் மறைவதற்கும் ஒன்றே மிஞ்சும்.

கேள்வி: நான் டன்ஜன் மாஸ்டர். என் மேசையில் ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் கண்ணுக்குத் தெரியாத மேஜ் ஹேண்டால் எல்லோர் பையிலும் கைவைக்கிறார். எப்படிக் கட்டுப்படுத்துவது?
– அண்ணா நகர் வாசகர்

பதில்: தடை ஏதும் போடாதீர்கள், அந்தக் கை இந்த உட்பிரிவின் உயிர். விதிகளில் உள்ள எல்லைகளை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள். கை 30 அடிக்கு அப்பால் போனால் மறைந்துவிடும், ஒரு நிமிடமே நிற்கும், 10 பவுண்டுக்கு மேல் தூக்காது, தாக்காது, மந்திரப் பொருள்களை இயக்காது. கை தெரியாதே தவிர, அதை வரவழைக்கும் மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அமைதியான அரசவையில் அந்தக் குரல் காதில் விழும். பிறர் உடைமையை எடுக்கும்போது ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைலாவகம்) உருட்டலை, உடைமைக்காரரின் பெர்செப்ஷனோடு (கவனிக்கும் திறன்) ஒவ்வொரு முறையும் மோதவிடுங்கள். தோற்றால் பை அசைந்ததை அவர் உணர்வார். பிறகு வாயிற்காவலர் என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள்.