புளியமரச் சாலைக்குப் பணம் கொடுத்தது யார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். ஊருக்கு வரும் சாலையை என் தாத்தா ‘வெள்ளைக்காரன் போட்ட ரோடு’ என்றுதான் சொல்வார். போன வருடம் அதை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டினார்கள். வெள்ளைக்காரன் நமக்குச் செய்துவிட்டுப் போனதை நாமே அழிக்கிறோமே என்று நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் கிராமப்புறத்தில் சாலை போட எங்கிருந்து பணம் வந்தது? அதற்கென்று சட்டம் ஏதும் இருந்ததா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டம் இருந்தது. பணம் உங்கள் தாத்தாவின் தாத்தாவைப் போன்றவர்களிடமிருந்து வந்தது.

1866-ல் சென்னை மாகாணத்தில் ஜில்லா சாலை செஸ் சட்டம் வந்தது. செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரி. நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா வரை சாலைக்கென்று வசூலிக்கலாம் என்றது அது. அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. குத்தகை மதிப்பு பத்து ரூபாய் என்றால் செஸ் ஐந்து அணா. வழக்கமான நிலத்தீர்வை ஒரு பக்கம், இது அதற்கு மேல். மழை பொய்த்த வருடம் தீர்வைக்கே கடன் வாங்கியவருக்கு ஐந்து அணா சின்னத் தொகை இல்லை.

சாலை வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். கரிசல் மண்ணை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை பெய்தால் போதும், வண்டிச் சக்கரம் நடுவிலுள்ள குடம் வரைக்கும் புதையும். மாட்டை அவிழ்த்துவிட்டு, ஆள் சேர்த்து வண்டியைத் தூக்க வேண்டும். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வரும்வரை உங்கள் பக்கத்துப் பருத்தி துறைமுகத்துக்குப் போனது இப்படித்தான். நல்ல சாலையால் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, ஆதாயம் உண்டு. பருத்தியை வாங்கிக் கப்பலேற்றிய கம்பெனிகளுக்கு அதைவிட அதிக ஆதாயம். ஆனால் செஸ் விழுந்தது நிலத்தின் மேல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கசக்கும்.

1871-ல் வந்த உள்ளூர் நிதிச் சட்டம் செஸ்ஸை ரூபாய்க்கு ஓரணா வரை உயர்த்த இடம் கொடுத்தது. சாலையோடு பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சுகாதாரம் எல்லாம் அந்த நிதிக்குள் வந்தன. வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கவும் அனுமதி இருந்தது. திருச்சியில் பஸ் கண்டக்டர் ‘டோல்கேட், டோல்கேட்’ என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். கேட் போய்விட்டது, ஊர்ப்பெயராக நின்றுவிட்டது.

சரி, எந்த ஊருக்குச் சாலை என்று தீர்மானித்தது யார்? உள்ளூர் நிதி போர்டு. அதற்குத் தலைவர் கலெக்டர், மற்றவர்கள் அரசாங்கம் நியமித்தவர்கள். செஸ் கட்டியவர் தன் ஊருக்கு ஒரு பாலம் வேண்டுமென்றால் மனு எழுதிக் கொண்டுபோய் நிற்க வேண்டியதுதான். வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றி 1882-ல் கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு, 1884-ல் உள்ளாட்சி போர்டுகள் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. தேர்தலுக்குச் சட்டம் வாசலைத் திறந்தது. ஆனால் ஜில்லா போர்டில் கலெக்டரின் நாற்காலி அசைய இன்னும் வெகுகாலம் ஆனது.

அப்படிப்பட்ட போர்டுகளும் பெரிய வேலை செய்திருக்கின்றன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் செஸ் போட்டுச் சேர்த்த பணத்தில் ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை, 1894-ல் வண்டி ஓடியது. வெள்ளைக்காரன் ரயில் விட்டான் என்று அங்கேயும் சொல்வார்கள். காசு காவிரிக் கரை மிராசுதாருடையதும் குத்தகைக்காரனுடையதும்.

இனி உங்கள் புளியமரம். சாலையோர மரங்கள் போர்டுகளுக்கு வருமானமும் கூட. பட்டையைச் செதுக்கி எண் எழுதிய மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலன் ஏலத்துக்கான எண் அது. ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்கிப் பழம் பொறுக்குவார், ஏலத்தொகை போர்டுக்குப் போகும். எங்கள் ஊரில் எண் 47 மரத்தடியில் நாங்கள் செங்காய் திருடி, காவல்காரர் விரட்ட ஓடியிருக்கிறோம்.

சாலைக்குக் கோடு போட்ட பொறியாளர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் கட்டிய கல் மதகுகள் சில இன்றும் நிற்கின்றன. ஆனால் உங்கள் நண்பர்கள் வருத்தப்பட வேண்டிய காரணம் வேறு. வெட்டுப்பட்டவை நம் ஆட்கள் அணா அணாவாகக் கட்டி வளர்த்த மரங்கள். வீட்டுப் பரணில் பழைய கிஸ்தி ரசீதுகள், அதாவது நிலவரி கட்டிய ரசீதுகள், கிடந்தால் எடுத்துப் பாருங்கள். தீர்வைக்குப் பக்கத்தில் செஸ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.