"போஸ்ட்ல தவறிப்போச்சு"ன்னு இப்ப சொல்ல முடியாது (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணே,

எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம், இப்ப கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கேன். வயசு 44. அப்பாவும் அம்மாவும் ஊர்லதான். அப்பாவுக்குத் தங்கச்சி ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்துச்சு, அன்னைக்குப் போச்சு என் நிம்மதி. விடியக்காலைல ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங், அப்புறம் சுகருக்கு வெண்டைக்காய் ஊறவச்ச தண்ணி, அப்புறம் ஏதோ ஒரு பேங்க்க மூடப்போறாங்களாம் பணத்தை எடுத்துருங்கன்னு ஒரு செய்தி, நைட்டு வரைக்கும் வந்துட்டே இருக்கும். ஷிஃப்ட்ல இருக்குறப்ப பாத்துட்டு விட்டுருவேன். போன மாசம் அம்மாகிட்ட சொல்லிருக்கார், "அவன் பாக்குறான், நீல டிக்கு விழுது, ஒரு வார்த்தை போட மாட்டேங்குறான், என் மேல என்ன கோவமோ." அதுலருந்து நான் போன் பண்ணா எடுத்து அம்மாகிட்ட குடுத்துடறார்.

இதே அப்பாதான் நான் பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல இருந்தப்ப மாசம் ரெண்டு இன்லேண்ட் லெட்டர் போடுவார். நான் பதில் எழுத 20 நாள் ஆகும், சில சமயம் எழுதவே மாட்டேன், ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. லெட்டர், ரேடியோ, பேப்பர்னு இருந்த காலத்துல மனுசன் மனுசனா இருந்தான், இந்த வாட்ஸ்அப் வந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சுன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க? இந்த நீல டிக்க ஆஃப் பண்ணிரலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

—

வணக்கம் தம்பி,

"மனுசன் மனுசனா இருந்தான்"ங்குறத மட்டும் ஏத்துக்க முடியல. லெட்டர்லயே பங்காளிச் சண்டை போட்டவங்க, நிச்சயம் பண்ண கல்யாணத்த ஒரே ஒரு மொட்டைக் கடுதாசியில நிறுத்துனவங்க எல்லாம் நம்ம ஊர்லதான் இருந்தாங்க. ஆனா நீங்க போற போக்குல எழுதுன இன்னொரு விஷயத்துல சரக்கு இருக்கு. 20 நாள் பதில் போடாட்டியும் கோவிக்காத அதே மனுசன் இப்ப 2 மணி நேரத்துல கோவிக்கிறாரே, ஏன்?

அப்பவும் அவர் பொறுமைசாலின்னு நான் நினைக்கல, கோவிச்சுக்க அவருக்கு ஆள் கிடைக்கலன்னுதான் நினைக்கிறேன். நீங்க எழுதி, பெட்டியில போட்டு, அத ஒருத்தர் வந்து எடுத்து, ஆர்.எம்.எஸ்.ங்குற ரயில்வே தபால் பிரிவுல பிரிச்சு, ரயில்ல வந்து, ஊர் போஸ்ட் ஆபீஸ்ல சீல் விழுந்து, போஸ்ட்மேன் சைக்கிள்ல வந்து சேரணும். நடுவுல ஞாயித்துக்கிழமை, பொங்கல் லீவு, மழை. லெட்டர் வரலன்னா பழிய எங்க வேணா இறக்கி வைக்கலாம். "பரீட்சை நேரமா இருக்கும்", "போஸ்ட்ல எங்கயோ மாட்டிக்கிச்சு போல", இப்படி ஏதோ ஒண்ண அவரே சொல்லிக்குவார், உங்க அம்மாவும் நம்பிருவாங்க. நீங்க எழுதவே இல்லங்குறது அவருக்கு உறுதியாத் தெரிய வழியே கிடையாது. தெரிஞ்சிருந்தா அப்பவே கோவிச்சிருப்பார்.

போனும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்துச்சு. ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும், ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு மூணு தினுசு, லைட்னிங்னா பல மடங்கு காசு, அதுலயும் லைன் கிடைக்கலன்னா கிடைக்கலதான். வீட்டுல போன் இல்லாதவங்க பக்கத்து வீட்டு நம்பரக் குடுத்து பக்கத்துல பி.பி.ன்னு போட்டுக்குவாங்க. எங்க தெருவுல மளிகைக் கடைக்குத்தான் எல்லாருக்கும் போன் வரும், கடைக்காரர் யாவாரம் மும்முரமா இருந்தா "ஆள் ஊர்ல இல்லையே"ன்னு வச்சிருவார், அவர யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. எஸ்.டி.டி. கான்பூர் லக்னோவுக்கு நடுவுல 1960லயே வந்துருச்சுன்னாலும் நம்ம பக்கம் மஞ்சள் போர்டு பூத்து தெருத்தெருவா முளைச்சது 80கள் கடைசியிலதான், அதுலயும் ராத்திரி ரேட் குறையுற நேரம் பாத்து மொத்த ஊரும் க்யூல நிக்கும், பேசுறவன சீக்கிரம் வைன்னு பின்னாடி நிக்கிறவன் கதவத் தட்டுவான், அதனால பாதிப் பேச்சுல வச்சாக்கூட குத்தம் இல்ல.

1995 ஜூலை 31ல மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவுலருந்து டெல்லியில இருந்த தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமுக்கு நம்ம நாட்டோட முதல் செல்போன் கால் போட்டார். அப்புறமும் சில வருசம் வர்ற காலுக்கும் காசு, 2003லதான் இன்கமிங் ஃப்ரீ ஆச்சு. அதுவரைக்கும் செல்ல வச்சிருந்தவன் அத எடுக்காம இருக்குறதுக்கு ஞாயமான காரணம் சட்டைப் பையிலயே இருந்துச்சு. அப்புறம் "பேலன்ஸ் இல்லப்பா", "டவர் இல்ல", "சைலன்ட்ல போட்டுட்டேன்" இப்படிக் கொஞ்ச காலம் ஓட்டுனோம். கவனிச்சீங்களா, ஒவ்வொரு வசதி வர்றப்பவும் ஒரு சாக்கு கழண்டு போயிருக்கு. 2014 நவம்பர்ல வாட்ஸ்அப் நீல டிக்கக் கொண்டுவந்தப்ப கடைசி சாக்கும் போச்சு. போய்ச் சேந்துச்சு, திறந்தாச்சு, பாத்தாச்சு, எல்லாத்துக்கும் ரசீது வந்துருச்சு. இப்ப நடுவுல போஸ்ட்மேன் இல்ல, எக்ஸ்சேஞ்ச் இல்ல, மளிகைக் கடைக்காரர் இல்ல, பேசாம இருக்குறது நீங்க மட்டும்தான்னு நேரம் போட்டுக் காட்டுது. உங்க அப்பா படிச்சது அதைத்தான். அவர் தப்பா ஒண்ணும் படிக்கல.

இதுக்கு நேர் தலைகீழா இன்னொண்ணு நடந்திருக்கு. பழைய மீடியாவுல பேசுனவனுக்குப் பேர் உண்டு. ஏதாவது ஒரு தமிழ் பேப்பர எடுத்துக் கடைசிப் பக்கத்துல அடியில பாருங்க, பொடி எழுத்துல அச்சிட்டவர் யாரு, வெளியிட்டவர் யாரு, ஆசிரியர் யாருன்னு விலாசத்தோட இருக்கும். அவங்களா ஆசப்பட்டுப் போட்டுக்கிட்டதில்ல, வெள்ளக்காரன் 1867ல போட்ட சட்டம், தகராறு வந்தா யாரப் புடிக்கணும்னு தெரியணும்ல அதுக்காக. இப்ப அத எடுத்துட்டு 2023ல புதுச் சட்டம் வந்துருச்சு, அது இருக்கட்டும். ரேடியோவுல "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி"ன்னு ஆரம்பிக்கிறப்ப அந்தப் பேரே பாதி செய்தி. பி.பி.சி.லகூட 1940 வரைக்கும் செய்தி படிக்கிறவங்க பேர் சொல்ல மாட்டாங்களாம், போர் வந்து ஜெர்மன்காரன் நம்ம குரல்ல பொய்ச் செய்தி வாசிச்சுருவானோன்னு பயம் வரவும்தான் பேர் சொல்லிப் படிக்க ஆரம்பிச்சாங்க. இது யார் வாயிலருந்து வருதுன்னு கேக்குறவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான் விஷயம்.

மொட்டைக் கடுதாசி இருந்துச்சேன்னு நீங்க கேப்பீங்க, மேல நானேதான் எழுதிருக்கேன். இருந்துச்சு. ஆனா அது மொட்டைங்குறது கவரப் பிரிச்ச உடனே தெரிஞ்சிரும், கையெழுத்து இல்ல, விலாசம் இல்ல, படிக்கிறவன் கல்யாணத்த நிறுத்துனாலும் மனசுல ஒரு ஓரத்துல சந்தேகத்த வச்சுக்கிட்டுத்தான் நிறுத்துவான். ஃபார்வர்டு அப்படி இல்ல தம்பி. அதுவும் மொட்டைதான், எவன் எழுதுனான்னு சாமிக்குத்தான் தெரியும், ஆனா வர்றப்ப உங்க அப்பா பேருலயும் போட்டோவுலயும் வருது. உங்க அப்பாவுக்கு அது அவரோட வேல பாத்த ஃப்ரெண்டு பேருல வந்திருக்கும், அந்த ஃப்ரெண்டுக்கு அவரோட மருமகன் பேருல. பேங்க் மூடப்போறாங்கன்னு எழுதுனவன நம்பி உங்க அப்பா அனுப்பல, 30 வருசமாத் தெரிஞ்ச ஒருத்தர நம்பி அனுப்புறார். அந்த நம்பிக்கையில தப்பு இல்ல, அது போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்டப் போய்ச் சேரல.

2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல போளூர் பக்கம் குலதெய்வம் கோயில் தேடி கார்ல வந்த குடும்பத்த, புள்ளப் புடிக்கிறவங்கன்னு வாட்ஸ்அப் வதந்திய நம்பி ஊர்க்காரங்க அடிச்சதுல வயசான அம்மா ஒருத்தங்க செத்தே போனாங்க. அந்த வருசம்தான் வாட்ஸ்அப்காரங்க ஃபார்வர்டு ஆனதுன்னு மேல எழுதிக் காட்ட ஆரம்பிச்சாங்க, நம்ம நாட்டுல ஒரு தடவைக்கு 5 பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு வச்சாங்க, 2020ல கொரோனா சமயத்துல ரொம்ப சுத்துன மெசேஜ்னா ஒரு தடவைக்கு ஒருத்தருக்குத்தான்னு இன்னும் இறுக்குனாங்க. அதாவது கம்பெனிக்காரனே பழைய தபாலோட மந்தத்தைக் கொஞ்சம் திரும்ப எடுத்து உள்ள சொருகியிருக்கான். எழுதுனவன் பேர் மட்டும் இன்னும் வரல.

ஆக உங்க அப்பா ரெண்டு பக்கமும் மாட்டியிருக்கார். பேசுற செய்திக்கு சொந்தக்காரன் இல்ல, பேசாத மகன் மட்டும் டிக்கு போட்டுக் கண்ணு முன்னாடி நிக்கிறான்.

சரி, ரோஜாப்பூவுக்கு வர்றேன். அதப் பாத்து நீங்க எரிச்சல் படுறீங்க, நானும்தான் படுறேன், என் குரூப்ல விடியுறதுக்குள்ள ஒரு தோட்டமே பூத்திருக்கும். ஆனா அந்த இன்லேண்ட் லெட்டர்ல ஏதாவது ஒண்ணு வீட்டுல இருந்தா எடுத்துப் பாருங்க. முதல் ரெண்டு வரி "நலம், நலமறிய ஆவல், இங்கு அம்மா மற்றும் அனைவரும் நலம்"னு இருக்கும். அதுலயும் ஒரு செய்தியும் கிடையாது, எல்லார் லெட்டர்லயும் அதே வரிதான். மலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல் ஆளு 1923லயே எழுதிட்டார், மனுசப் பேச்சுல ஒரு பங்கு சேதி சொல்றதுக்கு இல்ல, நான் இருக்கேன் நீ இருக்கியான்னு தொட்டுப் பாத்துக்கத்தான்னு. ரோஜாப்பூ அந்த ரெண்டு வரிதான். வித்தியாசம் எங்கன்னா, இன்லேண்ட்ல அந்த ரெண்டு வரிக்குக் கீழ மடிப்பு மடிப்பா வெத்து இடம் கிடக்கும், காசு குடுத்து வாங்குன காயிதம், சும்மா விட மனசு வராது. அதனால மாடு கன்னு போட்டது, கிணத்துல தண்ணி இறங்குனது, பெரியப்பா பேச்ச நிறுத்துனதுன்னு எழுதி, இடம் பத்தாம ஓரத்துல சைடுல திருப்பி, ஒட்டுற மடிப்புலயும் ஒரு வரி எழுதுவாங்க. ரோஜாப்பூவுக்குக் கீழ அந்த வெத்து இடம் இல்ல. கையெழுத்து மாதிரி போட்டு முடிஞ்சிருது, மாடு கன்னு எல்லாம் அவர் மனசுலயே நின்னுருது.

நீல டிக்க ஆஃப் பண்ணலாமான்னு கேட்டீங்க. பண்ணலாம், ஆனா அவர் உங்களோடதப் பாத்தாரான்னு நீங்களும் பாக்க முடியாது. குடும்ப குரூப்புக்கு அது செல்லாது, அங்க யார் படிச்சாங்கன்னு எப்பவும் போலத் தெரியும். வாய்ஸ் மெசேஜக் கேட்டீங்களான்னும் தெரிஞ்சிட்டேதான் இருக்கும். தவிர, இன்னைக்கு "பாத்துட்டான்"னாவது அவருக்குத் தெரியுது. நாளைக்கு சாம்பல் டிக்கு மட்டும் நின்னா, மகன் பாக்கக்கூட இல்லன்னு ஆயிரும், வெளியூர்ல மெஷினோட வேல பாக்குற புள்ளன்னா கண்டதையும் நினைக்கத் தோணும்.

அதுக்குப் பதிலா வாய்ஸ் மெசேஜப் புடிங்க. இது புதுசும் இல்ல. 80கள்ல கீழக்கரை மாதிரி ஊர்ல இருந்து வளைகுடாவுக்குப் போனவங்க வீட்டுல கேசட்ல பேசி, ஊருக்குப் போயிட்டு வர்றவங்க கையில குடுத்தனுப்புவாங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் டேப் ரெக்கார்டர் முன்னாடி உக்காந்து ஒரு பக்கம் முழுக்கப் பேசுவாங்க, நடுவுல சேவல் கூவும், குக்கர் விசில் அடிக்கும், அந்தச் சத்தத்துக்காகவே அங்க ரூம்ல எல்லாரும் சுத்தி உக்காந்து திரும்பத் திரும்பக் கேப்பாங்களாம். லெட்டர்ல இருந்த வெத்து இடம் கேசட்லயும் இருந்துச்சு, டேப் ஓடிட்டே இருக்கும், ஏதாவது பேசித்தான் ஆகணும். வாட்ஸ்அப்ல அது 2013லருந்து இருக்கு, நாமதான் "சரி வந்துடறேன்"னு சொல்ல மட்டும் வச்சிருக்கோம். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப மில்லுல என்ன ரிப்பேரு, யார்கூட வாக்குவாதம், மத்தியானம் என்ன சாப்பாடுன்னு ரெண்டு நிமிசம் பேசி அனுப்புங்க. கடைசியில ரோஜாப்பூவால பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி கேளுங்க, கிணத்துல இப்ப எத்தன அடி தண்ணி கிடக்கு, வடக்குத் தோட்டத்துல என்ன போட்டிருக்கீங்க, அந்த மாதிரி. முதல் நாள் அவர் வீம்புக்கு ரோஜாதான் அனுப்புவார். விடாதீங்க.

அந்த பேங்க் செய்திக்கு மட்டும் குரூப்ல "இது ஃபேக்"னு போட்டுறாதீங்க. தனியா போன் பண்ணி, முதல்ல வேற ஏதாவது பேசிட்டு, அப்புறமா "அத யாருப்பா உங்களுக்கு அனுப்புனது"ன்னு கேளுங்க. அத்தன சொந்தக்காரங்க முன்னாடி மகன் திருத்துனான்னு ஆச்சுன்னா, அவர் அந்த குரூப்ல இருந்தே வெளிய போயிருவார், நாளைக்கு உங்க தங்கச்சி உங்களுக்கு போன் பண்ணி சண்டைக்கு வரும்.