வினைல் தரை நீடித்திருக்க: கேளுங்கள், சொல்கிறேன்

தலவாக்கலையில் இருந்துகொண்டு ஹட்டன், நானுஓயா, நுவரெலியா, வெலிமடைப் பக்கமெல்லாம் தரை போடும் வேலை செய்கிறேன். வினைல் தரை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: வினைலுக்கு மேலே இறப்பர் மெட் போட்டிருப்பவர்கள் இப்போதே எழுந்துபோய் அதை எடுத்துவிடுங்கள். காரணம் கீழே வரும்.

ஹட்டன்: அண்ணே, புது வீட்டுக்கு வினைல் ஒட்டி எட்டு மாசம். முழுக்க வோட்டர்புரூப் என்று சொல்லித்தான் வித்தாங்க. இப்ப பின் அறையில் பலகை ஓரம் தூக்குது, புழுங்கின வாடை வேற. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை தம்பி. பலகைக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. மேலே பொலியூரித்தேன் பூச்சு, அதன் கீழ் தேய்மானப் படை, அதன் கீழ் மரம் மாதிரி அச்சடித்த படம், பிறகு நடுப்பலகை. எல்லாமே பிளாஸ்டிக். எஸ்பிசி என்று விற்கும் கடின வகை என்றால் நடுப்பலகையில் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்திருக்கும். வாளியில் ஊறப் போட்டாலும் உப்பாது. ஆனால் பலகையை ஒட்டிய பசைக்கும், அதற்குக் கீழே இருக்கும் சீமெந்துக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

நம் பக்கத்து வீடுகள் எப்படி? மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டியே பின் சுவரை எழுப்பியிருப்போம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன், வட்டவளைப் பக்கம் செப்டம்பர் வரை மண் காயாது. அந்த ஈரம் சுவரடி வழியாகவும் அத்திவாரம் வழியாகவும் சீமெந்துக்குள் ஏறும். வெறும் சீமெந்துத் தரை என்றால் அது மெல்ல மேலே வந்து காற்றில் காய்ந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. வினைல் போட்டால் பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஈரம் உள்ளேயே நின்று பசையை இளக்கும், பூஞ்சணம் பிடிக்கும். உங்களுக்கு வரும் வாடை அதுதான்.

நானும் இதில் அடிபட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் நானுஓயாவில் ஒரு வீட்டுக்கு, காய்ந்த மாதத்தில் பார்த்த தரையை நம்பி வினைல் ஒட்டினேன். ஆகஸ்டில் இரண்டு அறையையும் கழற்ற வேண்டி வந்தது. அந்த அம்மா நகையை அடகு வைத்துப் போட்ட தரை அது. செலவை நான் ஏற்றுக்கொண்டாலும் அவர் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. அன்றிலிருந்து சோதிக்காமல் ஒரு பலகைகூட வைப்பதில்லை.

சோதனை பெரிய விஷயமில்லை. 45 சென்ரிமீற்றர் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே துளி கட்டியிருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ வினைல் போடக்கூடாது. மழை மாதத்தில், அதுவும் பின் சுவர் ஓரத்தில் ஒட்டிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு: வீட்டின் பின்னால் தண்ணீர் வடியக் கான் வெட்டுங்கள், கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியில் விழாமல் திருப்புங்கள். பிறகு அந்த அறைப் பலகைகளைக் கழற்றி, சீமெந்தை நன்றாகக் காயவிட்டு, மறுபடி சோதித்துத்தான் ஒட்ட வேண்டும். இப்போதே புதுப் பசை தடவி அழுத்தினால் அடுத்த மழையில் மீண்டும் தூக்கும்.

நுவரெலியா: தினமும் எப்படிச் சுத்தம் செய்வது?

கூட்டுங்கள், அதுதான் முக்கியம். வினைலைக் கொல்வது மண். நம் மலைப் பாறை உதிர்ந்து வந்த மண்ணில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அது பூச்சைவிடக் கடினம். செருப்போடு வந்த மணலின் மேல் நாற்காலியை இழுத்தால் அரத்தாள் தேய்த்த மாதிரிதான். மென்மையான தும்புத்தடியால் தினமும் கூட்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பிழிந்த மொப்பால் துடைத்தால் போதும். வாளி நிறையத் தண்ணீருக்குக் காரமில்லாத சோப்புத் திரவம் ஒரு மூடி. நுரை வர வர ஊற்றினால் சோப்புப் படிந்து தரை மங்கும், மண்ணையும் பிடித்து வைக்கும். பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

ஈ, எறும்பு வராது என்று துடைக்கும் தண்ணீரில் மண்ணெண்ணெய் விடும் வழக்கம் இருக்கிறது. வினைலில் வேண்டவே வேண்டாம். பிளீச், அசிட், தின்னர் எதுவும் வேண்டாம். நீராவி மொப்பும் வேண்டாம், சூடான ஆவி பொருத்துகளுக்குள் புகுந்து பசையை இளக்கும்.

கொட்டகலை: வாசல் மெட்டுக்குக் கீழே மஞ்சள் மஞ்சளா திட்டு. எதால கழுவினாலும் போகல.

போகாது அக்கா. இறப்பர் வெடிக்காமல் இருக்க அதில் சில இரசாயனங்கள் சேர்ப்பார்கள். அவை மெட்டிலிருந்து கசிந்து வினைலுக்குள்ளேயே இறங்கிவிடும். அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, பலகையின் நிறமே மாறிவிட்டது. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பலகையை மாற்றுவதுதான் வழி.

மெட் மட்டும் இல்லை. கொழுந்தெடுத்துவிட்டு வந்து மூலையில் கழற்றி வைக்கும் கம்பூட்ஸ், இறப்பர்ச் செருப்பு, நாற்காலிக் காலில் மாட்டும் இறப்பர் மூடி, தாத்தாவின் கைத்தடி முனை, பிரிட்ஜின் சில்லு, எல்லாம் ஒன்றுதான். இரவில் மோட்டார்சைக்கிளை ஹோலுக்குள் நிறுத்துபவர்கள் டயருக்குக் கீழே மரப்பலகை போடுங்கள். தும்புக் கால்மிதி வாசலுக்கு வெளியே, பின்புறம் இறப்பர் இல்லாத பருத்தி விரிப்பு உள்ளே. கதிரை, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

பொகவந்தலாவை: தீபாவளிக்கு முதல் பொலிஷ் போடணும். எந்தப் பொலிஷ் நல்லது?

எதுவும் நல்லதில்லை. போடாதீர்கள்.

மஸ்கெலியா: தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவினா மினுங்கும் என்கிறாங்களே?

மினுங்கும், பிறகு யாராவது வழுக்கி விழுவார்கள். வேண்டாம்.

பண்டாரவளை: எனக்கு 71 வயசு. நாங்க சின்னதுல இருந்து சிவப்புச் சீமெந்துத் தரைக்கு பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையைப் பாதியா வெட்டி, காலால தேய்ச்சுத்தான் வளர்ந்தோம். என் அப்பா போட்ட தரை இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு. பத்து வருசத்துல கழட்டி வீசற பிளாஸ்டிக்கை எதுக்குத் தம்பி ஊருக்கெல்லாம் விக்கிறீங்க?

ஹாலிஎல: ஐயா மன்னிக்கணும். அந்த மட்டையைத் தேய்ச்சது யாரு? எங்க அம்மாதான். கொழுந்தெடுத்துட்டு வந்து, சனிக்கிழமை சனிக்கிழமை முழங்கால் வலியோட தேய்ச்சாங்க.

வெலிமடை: எங்க பாட்டி அந்தப் பளபளப்புலதான் விழுந்து இடுப்பு உடைச்சாங்க. ஆனா ஐயா சொல்றதும் சரி, அந்தத் தரை அழகு.

இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் அப்பா போட்ட தரையை உடைக்கச் சொல்லி யாராவது வந்தால் விடாதீர்கள். இரும்பு ஒக்சைட் சேர்த்த சீமெந்தை நல்ல மேசன் பாஸ் ஒருவர் கரண்டியால் அழுத்தி இழுத்துப் போட்டிருந்தால் அது நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். கீறினாலும் தேய்த்து மறுபடி மெருகேற்றலாம். வினைலை அப்படிச் செய்ய முடியாது. தேய்மானப் படை போனால் படமும் போய்விடும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாவில் வெறுங்காலோடு சீமெந்தில் நின்று பாருங்கள். குழந்தை தவழும் வீட்டிலும், முழங்கால் தேய்ந்த அம்மா இருக்கும் வீட்டிலும் வினைல் பெரிய உதவி. குளிர் அவ்வளவு ஏறாது, தேய்க்க வேண்டியதும் இல்லை. ஹாலிஎல தங்கை சொன்னதை நானும் என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பத்து வருடத்தில் கழற்றி வீசுவது பற்றி: நான் கழற்றிய தரைகளில் பெரும்பாலானவை நடந்து தேய்ந்தவை அல்ல, சீமெந்துக்குப் பழகிய கையால் கவனித்துக் கெட்டவை. வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவது, மண்ணெண்ணெய், மெழுகு, மட்டை. சீமெந்து மெழுகை உறிஞ்சிக்கொள்ளும், வினைல் உறிஞ்சாது. மேலேயே திட்டுத்திட்டாக நிற்கும், அழுக்கைப் பிடிக்கும், காலுறையோடு நடந்தால் வழுக்கும். அதை எடுக்க அமோனியா கலந்த திரவம் ஊற்றினால் பூச்சும் கெடும். மட்டையின் நாரில் ஒட்டிய மணல் கோடு கோடாகக் கீறும். அன்போடுதான் செய்கிறார்கள், அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். சும்மா விட்டிருந்தால் இருபது வருடம் வந்திருக்கும்.

பதுளை: அப்ப சிவப்புத் தரைக்கு மேலேயே வினைல் ஒட்டலாமா?

மெழுகு ஏறிய தரையில் பசை பிடிக்காது. பலகைகளை ஒன்றோடொன்று கொளுவும் கிளிக் வகையை, கீழே தடித்த பொலித்தீன் விரித்து, பசை இல்லாமல் மிதக்கும் தரையாகப் போடலாம். 3 மீற்றர் நீளத்துக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக்கூடாது. சுவரோரம் இடைவெளி விட மறக்க வேண்டாம். ஆனால் பண்டாரவளை ஐயா வீட்டுத் தரை மாதிரி நல்ல தரை என்றால் நான் போடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்.

எல்ல: கெஸ்ட் ஹவுஸுக்கு எந்தத் தடிப்பு? பெரிய கண்ணாடி ஜன்னல், பள்ளத்தாக்குப் பக்கம்.

மொத்தத் தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், தேய்மானப் படையைக் கேளுங்கள். வீட்டுக்கு 0.3 மில்லிமீற்றர் போதும், உங்களுக்கு 0.5க்குக் குறையக்கூடாது. ஜன்னலுக்குத் திரை கட்டாயம். நேர் வெயில் நிறத்தையும் மங்கவைக்கும், பலகையையும் விரியவைக்கும். சுவரோர இடைவெளி இல்லாவிட்டால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும். குளியலறை வாசலில் இறப்பர் மெட் போடாதீர்கள்.

டயகம: பொலிஷ் போடலாமா?

மேலே மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து வாசியுங்கள்.

கினிகத்தேன: குளியலறை டைல் இடுக்கில் கறுப்பு. என்ன செய்ய?

டைல் என் வேலை இல்லை. உங்கள் ஊர் டைல் பாஸிடம் கேளுங்கள்.

கந்தப்பளை: குளிருக்கு ஹீட்டர் வைக்கிறோம், சில நாள் கரிச்சட்டி. தரைக்கு ஏதும் ஆகுமா?

ஆகும். தரையின் மேல் சூடு 27 முதல் 29 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பதுதான் வழக்கமான அறிவுரை. ஹீட்டர் முகம் தரையைப் பார்க்கக்கூடாது. கரிச்சட்டியை வினைலில் வைக்கவே வேண்டாம், பலகை உருகிச் சுருங்கும். அதைவிட முக்கியம், மூடிய அறையில் கரி எரித்தால் வரும் நச்சு வாயு ஆளையே கொல்லும். தரையை விடுங்கள், சட்டியை இன்றே வெளியே எடுங்கள்.

அப்புத்தளை: அம்மிக்கல் விழுந்து ஒரு பலகை உடைஞ்சிருச்சு. ஒண்டை மட்டும் மாத்தலாமா? அதோட ஜன்னலோரம் போட்டிருந்த மெட்டும்…

மெட்டை எடுத்துவிட்டீர்கள்தானே? சரி. ஒன்றை மட்டும் மாற்றலாம். கிளிக் வகை என்றால் பக்கத்துச் சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றிப் போய் மாற்ற வேண்டும். ஒட்டிய வகை என்றால் சூடாக்கி அந்த ஒன்றை மட்டும் உரித்தெடுக்கலாம். அதே பலகை கிடைப்பதுதான் கஷ்டம், அடுத்த தடவை வரும் சரக்கில் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் நான் எந்த வீட்டிலும் ஒரு பெட்டி மிச்சம் வைக்கச் சொல்வேன். உங்கள் வீட்டிலும் இருந்தால் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்தால் வளைந்திருக்கும், கட்டிலுக்குக் கீழே படுக்கையாக வையுங்கள்.