பட்டுப்பாதை நகரங்களுக்கும் அங்குள்ள பாலைவனத்துக்கும் தனியாகப் போய்வர முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாக முடியும். உஸ்பெகிஸ்தானில் தாஷ்கண்ட், சமர்கந்த், புகாரா, கீவா என்று தனியாகத்தான் சுற்றினேன். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டாலும் என் பதில் இதுதான், நானும் பெண்தான். பட்டுப்பாதையில் முதன்முறையாகத் தனியே போகிறவர்கள் இந்த நாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. இந்தியர்களுக்கு இணையத்திலேயே விசா கிடைக்கிறது, டெல்லியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, பெரிய ஊர்களுக்கு இடையே ரயில் வசதியும் நன்றாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். கீவாவுக்குப் போகப் பலரும் தாஷ்கண்டில் விமானம் ஏறி உர்கெஞ்சில் இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். இந்த ஊர்கள் எதனால் பிழைத்தன என்பது நடுவில் கிடக்கும் வறண்ட பூமியைத் தரைவழியே கடந்தால்தான் புரியும். பட்டும் வெள்ளியும் ஒட்டகத்தின் மேல் போயிருக்கலாம், ஆனால் எந்த வழியாகப் போவது என்பதைத் தீர்மானித்தது தண்ணீர்தான்.

சமர்கந்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களையும் காலையில் ஒருமுறை, விளக்கேற்றிய பிறகு ஒருமுறை பாருங்கள். மன்னர் உலுக் பேக் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய வானாய்வகத்தில் இன்று மிஞ்சியிருப்பது பூமிக்குள் இறங்கும் பெரிய கல் வளைவு மட்டுமே. 1,018 விண்மீன்களின் பட்டியல் உருவான இடம் அது. அவசியம் போங்கள்.

சமர்கந்திலிருந்து புகாராவுக்கு அஃப்ரோசியாப் விரைவு ரயில் ஓடுகிறது. ஆனால் அந்த ஒரு தூரத்தை மட்டும் காரில் போகச் சொல்வேன். நவாயி ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்திலேயே ரபாத்தி மாலிக் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் தங்கிப்போன சத்திரம். உயரமான செங்கல் நுழைவாயில்தான் எஞ்சி நிற்கிறது, உள்ளே சுவர்களின் அடித்தளம் மட்டும். சாலையின் எதிர்ப்பக்கத்தில் பாதி மண்ணுக்குள் புதைந்ததுபோல ஒரு செங்கல் குவிமாடம் தெரியும். அதுதான் சர்தோபா, மூடிய தண்ணீர்த் தொட்டி. ஸரஃப்ஷான் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து இதில் தேக்கியிருக்கிறார்கள். வெயில் படாமல், புழுதி விழாமல் காப்பதற்கு மேலே குவிமாடம். வாசலில் நின்றாலே உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் படும். இரண்டு பக்கமும் லாரிகள் பறக்கின்றன, பெரும்பாலான சுற்றுலா வண்டிகளும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. எனக்கு ரெகிஸ்தானைவிட இந்தத் தொட்டிதான் பெரிதாகப்பட்டது.

புகாராவிலும் அதே கதைதான். 1620இல் கட்டிய லியாபி ஹவுஸ் என்ற குளத்தைச் சுற்றித்தான் இன்றைக்கும் ஊர் மாலையில் கூடுகிறது. நான்கு பக்கமும் படிக்கட்டு இறங்குவதைப் பார்த்தால் நம் கோயில் தெப்பக்குளம் போலவே இருக்கும். ஒரு காலத்தில் இப்படிப் பல குளங்கள் இருந்தன, தோல் பைகளில் தண்ணீர் மொண்டு வீடுவீடாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தண்ணீரிலேயே நரம்புச் சிலந்தி நோயும் பரவியதால் சோவியத் காலத்தில் பெரும்பாலான குளங்களை வற்றவைத்து மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே டோக்கி சர்ரஃபோன், பழைய நாணயமாற்றுக்காரர்களின் குவிமாடச் சந்தை. முல்தானிலிருந்து வந்த இந்திய வணிகர்கள் இந்த ஊரில் தங்கித் தொழில் செய்திருக்கிறார்கள்.

அடுத்து கிஸில்கும் பாலைவனம். புகாராவிலிருந்து கீவாவுக்குச் சுமார் 450 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, நான் போனது ஷேர் டாக்ஸியில். நான்கு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும், அதனால் காலையிலேயே நிலையத்துக்குப் போய்விடுங்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். ஓட்டுநருக்குப் பின் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே ஓட்டுநர் இடதுபுறம் உட்காருவார், அமு தரியா ஆறு தெரிவதும் அந்தப் பக்கம்தான். மணி மணியாகச் செம்மண்ணும் சாக்சவுல் புதரும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்குத் திடீரென்று அகன்ற ஆறு தென்படும்போது, அந்தக் காலத்து வணிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது. 1960களிலிருந்து பருத்திக்காக வாய்க்கால் வாய்க்காலாக இதை இழுத்ததில்தான் ஏரல் கடல் வறண்டது. அது மனதை உறுத்தத்தான் செய்தது.

கீவாவில் இருந்துகொண்டு அயாஸ் கலாவுக்கு வாடகை வண்டி பேசிப் போங்கள். குன்றின் மேல் இருக்கும் மண் கோட்டை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கியது. வெளிச்சுவர் இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவே வளைவுக் கூரையோடு காவலர்கள் நடந்த தாழ்வாரம். அதன் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. சுடாத செங்கல் கையோடு உதிர்ந்துவரும், தயவுசெய்து சுவர் மேல் ஏறாதீர்கள். கீழே பார்த்தால் வெறும் பாலைவனம், ஆனால் ஒரு காலத்தில் அங்கே ஆற்று வாய்க்கால் பாய்ந்து பயிர் விளைந்தது. அடிவாரத்தில் யுர்ட் எனும் வட்டக் கூடாரங்களில் தங்கலாம். தனியாக வந்த என்னை அங்கே சமைத்த அம்மா தன் குடும்பத்தோடு உட்காரவைத்துத்தான் சாப்பாடு போட்டார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும். ‘நான்’ எனும் ரொட்டி, தக்காளி வெங்காயக் கலவை, முலாம்பழம், பச்சைத் தேநீர் எங்கும் கிடைக்கும். பூசணிக்காய் சம்சாவில்கூடச் செம்மறிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். பாலைவனப் பக்கம் போகும்போது கையில் அந்த நாட்டுப் பணமான சோம் ரொக்கமாக இருக்கட்டும். தங்கும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பெயரைப் பதிவு செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது அங்கே கட்டாயம். அஃப்ரோசியாப் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் முதலில் அதை எடுங்கள். ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது வேண்டாம்.