இடக்கை அமினோ அமிலம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோப்பாய், உயர்தர மாணவி: சேர், உயிரில்லாத பெப்தைட்டு தன்னைத்தானே எப்படிப் படியெடுக்கும்?

நல்ல கேள்வி, தங்கச்சி. 1996இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரேசா காதிரியின் குழு இதைச் செய்து காட்டியது. பெப்தைட்டு என்றால் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. 32 அமினோ அமிலங்கள் கொண்ட, சுருளாக நிற்கும் பெப்தைட்டு அது. கரைசலில் அதன் 15, 17 அமில நீளத் துண்டுகள் இருந்தால், முழுப் பெப்தைட்டு அவை இரண்டையும் தன் மேல் பக்கம் பக்கமாகப் படிய வைக்கும். முனைகள் நெருங்கியதும் பிணைப்பு விழும். பிறந்த புதுப் பெப்தைட்டும் அதே வேலையைத் தொடங்கும்.

இனித்தான் சுவையான இடம். கிளைசீன் தவிர்ந்த புரத அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு; அவற்றை இடக்கை, வலக்கை என்கிறோம். உயிர்களின் புரதங்களில் இருப்பவை இடக்கை வடிவங்கள். 2001இல் அதே குழு இடக்கைத் துண்டுகளையும் வலக்கைத் துண்டுகளையும் சமமாகக் கலந்து விட்டது. முழுக்க ஒரே கையான பெப்தைட்டுகளே பெருகின, கலப்புகள் பின்தங்கின. ஓர் அமிலம் மட்டும் கை மாறியிருந்தால்கூட வேறுபாடு தெரிந்தது.

ஆனால் கவனம்: ஒவ்வொரு துண்டையும் ஒரே கையாகச் செய்து கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள். இது ஒரே கை பெருகிய கதை, அது முதலில் தொடங்கிய கதை அல்ல.

பருத்தித்துறை: அப்போ இடக்கை எப்படி வென்றது?

தீர்ந்த விடை இன்னும் இல்லை. தன் கையைப் பெருக்கி எதிர்க்கையைத் தடுக்கும் வினை ஒன்று இருந்தால் தொடக்கத்தில் ஒரு கையின் பக்கம் மிகச் சிறிய சாய்வே போதும் என்று 1953இல் பௌதிகவியலாளர் ஃபிராங்க் கணக்கிட்டுக் காட்டினார். அந்தச் சாய்வு விண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் சில அமினோ அமிலங்களில் இடக்கை மிகுந்திருந்தது. ஆனால் 2023இல் பூமிக்கு வந்த பென்னு குறுங்கோள் மாதிரியில் இரு கையும் ஏறக்குறைய சமம். ஆகவே விண்கல்லை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சாவகச்சேரி: விண்கல்லில் இருந்தா உயிர் வந்தது?

அமினோ அமிலம் வந்தது என்றால் உயிர் வந்தது என்று ஆகாது. மேலே வாசியுங்கள்.

காரைநகர்: வலம்புரிச் சங்கு அரிது, இடம்புரி மலிவு. இதுவும் அதே காரணமா?

இல்லை, ஐயா. ஓட்டின் சுருளைத் தீர்மானிப்பது மரபணு. குளத்து நத்தை ஒன்றில் தாயின் மரபணுவே குஞ்சின் சுருளைத் தீர்மானிக்கிறது.

நல்லூர்: ஒத்துக்கொள்ள மாட்டேன். சுருள் மாறினால் உள்ளே அமிலமும் மாறத்தானே வேண்டும்?

மாறாது. வலம்புரியின் தசையைச் சோதித்தாலும் இடம்புரியின் தசையைச் சோதித்தாலும் புரதம் இடக்கை அமினோ அமிலத்தால் ஆனதே. ஓடோ பெரும்பாலும் கல்சியம் காபனேற்று.

காரைநகர்: அப்போ வலம்புரிக்கு அமிலத்தில் தனிச் சிறப்பு இல்லையா?

இல்லை. பூசையில் அதற்குள்ள மதிப்பு வேறு விடயம், அதில் நான் கைவைக்கவில்லை.

மானிப்பாய்: இடக்கை ஏன் வென்றது, சேர்?

பருத்தித்துறைக்குச் சொன்னதுதான். தயவுசெய்து முன்னைய பதில்களைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

உரும்பிராய்: வலக்கை அமினோ அமில மாத்திரை குடிக்கலாமா?

வைத்தியரிடம் கேளுங்கள், அக்கா.

கோப்பாய், அதே மாணவி: உயிர்களில் வலக்கை அமினோ அமிலமே இல்லையா, சேர்?

உண்டு. பற்றீரியாவின் கலச்சுவரில் வலக்கை அலனைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நம் மூளையிலும் வலக்கை செரைன் என்ற இன்னொன்று நரம்புச் சமிக்ஞைக்கு உதவுகிறது. அதை ஆக்குவது ஒரு நொதியம், இடக்கை செரைனையே வலக்கையாகத் திருப்பித்தான் ஆக்குகிறது.